நிஹாலுக்கென்று ஒரு டப்பா

குளச்சலில் ஷீஜா நடத்தும் துப்பறியும் அலுவலகத்துக்குப் பெரும்பாலும் மாப்பிள்ளையின் குணம் விசாரிக்கத்தான் ஆட்கள் வருவார்கள். அன்று வந்த செசிலி உட்காரும் முன்பே அழுதுவிட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு என்னாலதான் கேடு வந்துதான்னு கண்டுபிடிச்சுத் தரணும். நான்தான்னா, அவன இனி எனக்க வீட்டுக்கு விடாண்டாம்னு நானே சொல்லிருவேன்."

ஷீஜாவின் கணவனும் உதவியாளனுமான ஷாஜன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். கேடு என்று கேட்டாலே அவனுக்குக் குஷி பிறந்துவிடும்.

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டு ரஸீனாவின் மகன் நிஹால், பள்ளிவிட்டு வந்தால் செசிலி வீட்டில்தான் இருப்பான். அவனுக்கு முந்திரிப்பருப்பு ஆகாது. கொஞ்சம் பட்டாலும் உதடு வீங்கி மூச்சு இழுக்கும். அதனால் செசிலி கடையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் படித்து, முந்திரி சேராத ஒரு கிரீம் பிஸ்கட்டைக் கண்டுபிடித்து, அவனுக்கென்று தனி டப்பாவில் வைத்திருந்தாள். திங்கட்கிழமை அந்த டப்பா பிஸ்கட்டைத் தின்றுதான் பிள்ளைக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். அவனுடைய வாப்பா அப்துல் ரசாக், இனி அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"எண்ணெய்தான்!" என்றான் ஷாஜன். "முந்திரி பொரிச்ச எண்ணெயில..."

"பிஸ்கட்ட யாரு வீட்டுல பொரிக்கா?" என்று கேட்டுவிட்டு ஷீஜா செசிலியிடம் திரும்பினாள். "டப்பாவ நெறச்சது யாரு?"

"நான்தான் எப்பவும் வாங்கிப் போடுவேன். தீந்துருக்கும், வாங்கணும்னு நெனச்சுத் தொறந்தேன். பாத்தா நெறயக் கெடந்து. எனக்க நெனப்புதான் தப்புன்னு விட்டுட்டேன்."

ஷீஜாவும் ஷாஜனும் செசிலியின் வீட்டுக்குப் போனபோது அவள் கணவர் ததேயுஸ் இருந்தார். குவைத்திலிருந்து விடுப்பில் வந்தவர். துக்க வீட்டிலும் ஊர்க்கதை பேசாமல் இருக்க முடியாத மனிதர்.

"விமானத்துல முப்பது கிலோதான் விடுவான். ரூம்ல கூட இருக்கவனுவ வீட்டுச் சாமானையும் சேத்து, மூணு வீட்டுக்குள்ளத அதுல அடக்கிட்டேனே!"

ஷீஜா டப்பாவிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். பெயர், படம், தேதி. வேறொன்றும் இல்லை. பிறகு ஷாஜனைத் தெருமுனைக் கடைக்கு அனுப்பி அதே பிஸ்கட்டை வாங்கிவரச் சொன்னாள். அவன் அதில் ஒன்றைத் தின்றுகொண்டே திரும்பினான்.

சாயங்காலம் ரஸீனாவும் அப்துல் ரசாக்கும் வந்தார்கள். ரசாக் உட்காரவில்லை.

ஷீஜா இரண்டு பொட்டலங்களையும் மேசையில் வைத்தாள். "பேரும் படமும் ஒண்ணுதான். ஆனா கடையில வாங்குனதுல சைவம்னு காட்டுற பச்சைப் புள்ளி இருக்கு, வெல இருக்கு. டப்பாவுல கெடந்ததுல ரெண்டும் இல்ல. இது நம்ம ஊர்ல விக்கதுக்கு அடிச்ச பொட்டலம் இல்ல. கடல் தாண்டி வந்தது."

எல்லாரும் ததேயுஸைப் பார்த்தார்கள்.

"நான்தான் வச்சேன்," என்றார் அவர் வெள்ளந்தியாக. "செசிலி வீடியோவுல காட்டுன அதே பிஸ்கட்டு. நிஹாலுக்குன்னே ஒரு பெட்டி வாங்குனேன். அதுல என்ன தப்பு?"

"பெட்டி எங்க?"

"அட்டைய ரூம்லயே போட்டுட்டு... எட கூடுமே."

"உள்ள என்ன சேத்துருக்குன்னு அந்த அட்டையிலதான் அடிச்சிருப்பான். இந்தச் சின்னப் பொட்டலம் தனியா விக்கதுக்கு உள்ளது இல்ல. பேரு ஒண்ணா இருந்தாலும் ஒவ்வொரு நாட்டுலயும் கூட்டு மாறும். ரூம்ல யாரு இருக்கா? அட்டைய ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

படம் வந்தது. அட்டைப்பெட்டியில் இப்போது வெங்காயம் இருந்தது. பக்கவாட்டில் கோதுமை, பால் என்று ஆங்கிலத்தில் தொடங்கிய வரியில் முந்திரி விழுதும் இருந்தது. ததேயுஸ் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சத்தமாகவே அழுதார். அவ்வளவு ஆசையாக வாங்கி வந்தது பிள்ளையைக் கொல்லப் பார்த்ததை அவரால் தாங்க முடியவில்லை.

ரசாக் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சௌதியில இருந்து வரும்போதெல்லாம் நானும் அட்டையக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் வந்துருக்கேன். எனக்க பிள்ளைக்கு நான் குடுத்த சாக்லேட்டுல என்ன கெடந்துன்னு ஒருநாளும் பாத்ததில்ல. எனக்க கையால இது நடக்காம போனதுக்குப் படச்சவனுக்கு நன்றி சொல்லணும்."

"நெறஞ்சு கெடந்ததப் பாத்தப்பயே நான் கேட்டிருக்கணும்லா?" என்றாள் செசிலி.

"ஆமா, கேட்டிருக்கணும்," என்றாள் ஷீஜா. பொய்ச் சமாதானம் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

வாசலில் நிஹால் வந்து நின்றான். "மாமி, பசிக்கு."

செசிலி எழுந்திருக்கவில்லை. "நீ குடு ரஸீனா. எனக்குப் பயமா இருக்கு."

"நீங்களே குடுங்க செசிலியக்கா," என்றார் ரசாக். "பொட்டலத்தத் திருப்பிப் படிச்சுப் பாத்தது இந்தத் தெருவுலயே நீங்க ஒராளுதான்."

செசிலி கையைக் கழுவிவிட்டுச் சோற்றில் மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். முதல் உருண்டையைத் தன் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாவதைத்தான் பிள்ளைக்கு ஊட்டினாள். அவள் தின்று பார்த்தால் பிள்ளைக்கு ஆகுமா ஆகாதா என்று தெரியாதே என்று சொல்ல ஷாஜன் வாயெடுத்தான். ஷீஜா அவன் காலை மிதித்தாள்.