காயாத கடல்

அந்தக் கடல் காயவேயில்லை. காலையில் பூசினால் மாலைக்குள் காய்ந்துவிடும் வண்ணம்தான். இன்றும் ஹெஸ்டரின் விரலில் ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தாள். எண்ணெய் வாடை இல்லை. உப்பும் அழுகிய பாசியும்.

ப்ளிமத் துறைமுகத்தைப் பார்த்த மாடியறையில் பழைய ஓவியங்களைச் செப்பனிடுவது அவள் தொழில். இந்தப் படத்தில் இருந்தவர் கேப்டன் ஆம்ப்ரோஸ் கார்லியன், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய கடற்படை அதிகாரி. நீலக் கோட்டு, பொன் பொத்தான்கள், கர்வம் நிறைந்த கண்கள். அவருக்குப் பின்னால் மூழ்கும் கப்பல். அலைகளுக்கிடையே சின்னச் சின்னத் தலைகள். தான் தப்பிய படகில் இடமிருந்தும், பிடித்துத் தொங்கிய கயிற்றை அவர் வெட்டி, தண்ணீரிலேயே விட்டுவிட்டு வந்த மாலுமிகள் அவர்கள் என்று ஊரில் பேச்சு.

"வர்றவங்க எங்க முப்பாட்டனாரையா பாக்குறாங்க? பின்னாடி மிதக்குறவங்களத்தான் பாக்குறாங்க," என்று படத்தைக் கொடுத்த அன்று சிரித்தார் அதன் சொந்தக்காரர் டென்சில். "பொண்ணு கல்யாணத்துக்கு ஹால்ல மாட்டணும். அவங்கள மூடிடுங்க, மிஸ் ட்ரெவின்."

"அதுவும் அந்த ஓவியர் வரைஞ்சதுதானே, சார்?"

"உங்களால முடியலைன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. ஒவ்வொரு தலையாக, கடல் வண்ணம் பூசி மூடினாள். நெல்மணி அளவு முகங்கள்தான், ஆனாலும் ஒவ்வொன்றும் வேறு ஆள். ஒருவன் வாய் திறந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனைக் கடைசியில் மூடினாள், பார்வையைத் திருப்பிக்கொண்டு. அன்றிலிருந்து அந்த இடம் காயவேயில்லை.

இப்போது ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. பிற்பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. கீழே படிக்கட்டில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. "மன்னிச்சிடுங்கப்பா..." என்று முணுமுணுத்தபடி பஞ்சை டர்பன்டைனில் நனைத்து, தான் பூசியதைத் துடைத்தெடுத்தாள். வண்ணம் வழிந்தது. அடியில் பழைய கடல் தெரிந்தது, மயிரிழை வெடிப்புகளோடு.

தலைகள் இல்லை.

இன்னும் துடைத்தாள். அலை. வெறும் அலை.

சொட்டும் ஓசை படியேறியது. கதவைத் தாண்டியது. பலகைத் தரை முனகியது. ஓரிடத்தில் அல்ல, அறை முழுக்க. நெடுநேரம் நீந்திக் களைத்தவர்களின் மூச்சு.

அவள் திரும்பவில்லை. கேப்டனை நிமிர்ந்து பார்த்தாள். அவர் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.

குளிர்ந்த விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின, மூழ்குகிறவன் பற்றுவதுபோல. பிறகு இன்னொரு கை, முழங்கையை. தோளை. கூந்தலை.

ஒருவரும் விடவில்லை.