கடைசிப் பக்கத்து மாதிரி

டிரிங்... டிரிங்...

வடிவாம்பாள் நகைக்கடையில் டெலிபோன் பதினைந்து முறை அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

எதிர்த்த காபிக் கடையில் ரிசீவரை வைத்த குருநாதனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சங்கரன்கோவிலே ஆடித்தபசுத் திருவிழா பார்க்கப் போயிருந்தது. மணி ஒன்றரை.

"ஆள் இல்லைவே. வாரும்."

கூட்டாளி கருத்தப்பாண்டி அசையவில்லை. "அலாரம்?"

"அதை அந்தம்மாவுக்கு வித்ததே நாந்தான்வே. கூடக் குடுக்கிற புஸ்தகத்தை எழுதினதும் நாந்தான்."

"அதுக்கு?"

"கடைசிப் பக்கத்துல, நேரம் வைக்கிறதுக்கு ஒரு மாதிரி போட்டிருக்கேன். 'பகல் ஒன்று முதல் இரண்டரை வரை அலாரத்துக்கு ஓய்வு.' சும்மா ஒரு உதாரணத்துக்கு. ராஜபாளையத்துக்காரரு, சிவகிரிக்காரரு, வாசுதேவநல்லூர்க்காரரு... மூணு பேரும் அலாரப் பெட்டியில அதையே அப்படியே திருகி வச்சிருந்தாவ. நாம சாப்பாட்டு நேரத்துல போயி அள்ளிட்டு வரலியா?"

"இந்தம்மா விவரமானவள்லா..."

"போன வாரம் கடைக்குள்ள பாத்தேன்வே. அந்தப் பக்கத்தைக் கிழிச்சு சுவத்துலயே ஒட்டி வச்சிருக்கா."

இது நாலாவது கடை. மாட்டினால் முந்தின மூன்றும் சேர்ந்து வெளியே வரும். பத்து வருஷத்துக்குக் களிதான். ஆனாலும் திட்டம் போட்டவன் சாமானியனா?

பின்பக்கத்துப் பூட்டு இரண்டே நிமிஷத்தில் வாயைப் பிளந்தது. கதவைத் தள்ளினான்.

வீஈஈஈல்...!

அலாரம் ஊரைக் கூட்டியது. கருத்தப்பாண்டி சுவரேறிக் குதித்தான். குதித்த இடத்தில், தபசு பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ் ஒரு லாரி நிறைய உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, பாவம்.

போலீஸ் இருவரையும் பிடித்துக் கடைக்குள் நிறுத்தியிருந்தபோது, வடிவாம்பாள் நெற்றி நிறையத் திருநீறோடு வந்து சேர்ந்தாள்.

"தம்பி, நீயா? நல்ல சாமானாத்தானே வித்தே?"

குருநாதன் விலங்கு மாட்டிய கையால் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினான். "அம்மா... அதுல இருக்கிற மாதிரி திருகி வைக்கலியா?"

"நான் ஒண்ணையும் திருகலியே. முதல் பக்கத்துல, 'பெட்டியைத் தொடாமல் விட்டால், உங்கள் சாவி இல்லாமல் எவர் எந்நேரம் திறந்தாலும் அலறும்'னு போட்டிருந்துச்சு. இது போதும்னு புஸ்தகத்தை மூடிட்டேன்."

"பின்ன ஏன் அந்தத் தாளை சுவத்துல ஒட்டுனிய?"

"சுவத்துல விரிசல். உன் தாளு நல்ல கெட்டித் தாளு."

குருநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. முதல் பக்கத்தை அவன் எத்தனை அக்கறையாக எழுதியிருந்தான்!

ஸ்டேஷனில் ஏட்டு உச்சிமாகாளி வெள்ளைத் தாளை நீட்டினார்.

"ஏலே, வாக்குமூலம் எழுது. எப்படி எழுதணும்னு தெரியலைன்னா, போன மாசம் ஒருத்தன் எழுதினது இங்கன இருக்கு. பாத்து அப்படியே எழுது."

குருநாதன் எட்டிப் பார்த்தான். அதில் பதினொரு கடையில் திருடியதாக இருந்தது.

"மாதிரி வேண்டாம் ஏட்டையா... நான் மூணரைக் கடையோட நிறுத்திக்கிடுதேன்."