சாப்பாட்டுக்குப் பிறகு சாகும் லேப்டாப்

வீல்ல்ல்...!

மாடியறையிலிருந்து வந்த அலறலில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நெல்லையம்மாளின் கையிலிருந்து சொம்பு நழுவி உருண்டது.

ஓடினாள்.

மூச்சிரைக்கப் படியேறிக் கதவைத் தள்ளினாள். உள்ளே மருமகள் லட்சுமிப்ரியா நாற்காலியில் சிலையாக உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே, மேசைமேல்...

அது கிடந்தது.

அசைவில்லை. சத்தமில்லை. திரையில் அவளுடைய மேலாளர் சிவராம், ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அப்படியே உறைந்துபோயிருந்தார்.

"போயிருச்சா?" என்றாள் நெல்லையம்மாள்.

"போயிருச்சு அத்தை."

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. ஐந்து விநாடி. பத்து விநாடி. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் வெளிச்சம் வந்து, சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டமடிக்கத் தொடங்கின.

செத்த லேப்டாப் பிழைத்துக்கொண்டது. இந்த மாதத்தில் ஒன்பதாவது தடவை!

உடனே செல்போன் அடித்தது.

சென்னையிலிருந்து சிவராம். அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வியாழக்கிழமை மூன்று மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் வீடியோ மீட்டிங்குக்கு வருகிறார். லட்சுமிப்ரியா எழுதிய மென்பொருளை அவள்தான் இயக்கிக் காட்ட வேண்டும். அதில் லேப்டாப் ஒரே ஒரு தடவை நின்றாலும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது அத்தோடு முடிந்தது. திங்கள்கிழமை காலை அவள் சென்னை ஆபீஸில் இருக்க வேண்டும்.

இன்று செவ்வாய். வேறு லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஏற்றி ஓட வைக்க ஒரு வாரமாவது ஆகும்.

லட்சுமிப்ரியா போனை வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணமாகி மூன்று வருஷம். அதில் இரண்டரை வருஷம் அவள் சென்னை விடுதியில். கணவன் கோமதிசங்கர் இந்தச் சங்கரன்கோவிலில், வங்கி வேலையில். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான் குடும்பம். அதிலும் பாதி, ரயில் நிலையத்தில் கையசைப்பதிலேயே போய்விடும். ஆறு மாதமாகத்தான் தினமும் மாலையில் அவன் வண்டிச் சத்தத்தைக் கேட்கிறாள்.

அந்தச் சத்தத்தைத்தான் இந்த லேப்டாப் பறிக்கப் பார்க்கிறது.

ஷிரின் பானுவைப் போனில் அழைத்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருப்பவள் ஷிரின் பானு. முப்பது வயது. முக்காட்டுக்கு மேலே நெற்றியில் ஒரு சின்ன டார்ச்சைக் கட்டிக்கொண்டுதான் வேலை பார்ப்பாள். இந்த நோயாளியை அவள் ஏற்கெனவே மூன்று முறை பார்த்துவிட்டாள். ரேமை மாற்றினாள். சார்ஜரை மாற்றினாள். ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தாள். கடையில் ராத்திரி பகலாக ஓடவிட்டும் பார்த்தாள். கண் சிமிட்டவில்லை!

வீட்டுக்கு வந்தால் இரண்டே நாளில் மறுபடி சாவு.

"எங்கடையில ராஜா கணக்கா இருக்கு அக்கா," என்றாள் ஷிரின் பானு. "ஒங்க வீட்டுக்கு வந்தாத்தான் சீக்கு வருது. அப்ப சீக்கு லேப்டாப்புல இல்ல, வீட்டுல இருக்கு. நாளைக்கு நானே அங்கன வாரேன்."

புதன்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் தினசரித் தாளை விரித்து, அதன்மேல் லேப்டாப் கவிழ்த்துப் போடப்பட்டது. பிரேதப் பரிசோதனை ஆரம்பம்!

பக்கத்தில் ஈஸிசேரில் மாமனார் கைலாசநாதன். பொதுப்பணித் துறையில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் காரணம் கேட்பவர். கோயிலுக்குப் போய்த் திருநீறோடு வரும் மனைவியிடம்கூட, நெற்றியில் பூசினால் தலைவலி போவதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பவர். ஷிரின் பானு வந்ததிலிருந்து வோல்டேஜைப் பார்க்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவளும் பார்த்தாள். வோல்டேஜ் சரியாக இருந்தது. அவர் தினசரியை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

பத்து ஸ்க்ரூக்களும் வெளியே வந்தன. அடிமூடி திறந்தது.

நெற்றி டார்ச்சின் வெளிச்சம் உள்ளே இருந்த மின்விசிறிமேல் விழுந்தது. ஷிரின் பானு குனிந்தாள். விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா... இது தூசி இல்ல."

"பின்ன?"

"மண்ணு. பத்து நாளைக்கு முன்னாலயும் இப்படித்தான் இருந்துச்சு. வீட்டுத் தூசின்னு நெனச்சு நாந்தான் சுத்தம் பண்ணுனேன். பத்தே நாள்ல மாடியறைக்கு இம்புட்டு மண்ணு தானா ஏறி வராது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "யாரோ போடுதாங்க."

லட்சுமிப்ரியா நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

ஷிரின் பானு விளக்கினாள். மின்விசிறி மண்ணால் அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாது. சூடு எல்லை தாண்டியதும் லேப்டாப் திணறி உறையும். எரிந்துபோகாமல் இருக்கத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி எழுந்திருக்கும்.

கைநிறைய மண்ணைத் துடைத்தெடுத்து, மூடியைப் பூட்டி, லேப்டாப்பை ஓடவிட்டாள். அது எப்போதெல்லாம் நின்றது என்ற பதிவு அதிலேயே இருக்கும். திறந்தாள். ஒன்பது சாவுகள். இரண்டே முக்கால். மூன்று பத்து. இரண்டு ஐம்பது...

காலையில் ஒன்றுகூட இல்லை. எல்லாமே மதியம் இரண்டரைக்கு மேல்!

"அதுக்கு முன்னால லேப்டாப் எங்கன இருக்கும்?"

"மாடியிலதான்," என்றாள் லட்சுமிப்ரியா. "ஒண்ணரைக்கு நான் கீழ சாப்பிட வந்துருவேன். திரும்பிப் போக ரெண்டேகால் ஆயிரும்."

சொல்லிக்கொண்டே தாளில் கிடந்த மண்ணைப் பார்த்தாள். மாவுபோல மெல்லிசான, பழுப்பு மண். எங்கோ பார்த்த மண்...

அவள் எழுந்து பூஜை அலமாரிக்குப் போனாள்.

அங்கே ஒரு பித்தளைக் கிண்ணம். கோமதி அம்மன் சன்னதியிலிருந்து நெல்லையம்மாள் திங்கள்தோறும் கொண்டுவரும் புற்றுமண். உடம்பில் எங்கே கோளாறோ அங்கே அதைக் குழைத்துப் பூசிக்கொள்வது ஊர் வழக்கம். நேற்று முன்தினம்தான் கிண்ணம் நிறைய வந்தது.

இப்போது கிண்ணத்தில் அடிமண்தான் இருந்தது.

லட்சுமிப்ரியா கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். தோசைக்கு நெய் ஊற்றித் தரும் அத்தையா? தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடும் அத்தையா? தன்னை ஊரைவிட்டு அனுப்பவா இத்தனை அன்பு?

கிண்ணத்தைக் கொண்டுவந்து நெல்லையம்மாள் முன்னால் வைத்தாள்.

நெல்லையம்மாள் கிண்ணத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு விநாடி ஈஸிசேர் பக்கம் பார்த்தாள்.

"நாந்தான் போட்டேன்," என்றாள்.

"யம்மா... நீயா?"

வாசலில் கோமதிசங்கர்! மதியச் சாப்பாட்டுக்கு வங்கியிலிருந்து வந்தவன், ஒரு காலில் செருப்போடு நின்றான்.

ஷிரின் பானு நெற்றி டார்ச்சை அணைத்தாள்.

"அம்மா, நீங்க பொய் சொல்லுதீங்க."

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"ஒண்ணரையில இருந்து ரெண்டேகால் வர அக்காவுக்குச் சோறு போடுதது யாரு?"

"நாந்தான்."

"பக்கத்துலயே ஒக்காந்து ரசம் ஊத்துத கை, அதே நேரத்துல மாடியில போயி எப்படி மண்ணு போடும்?"

நெல்லையம்மாள் முந்தானை நுனியைத் திருக ஆரம்பித்தாள்.

அப்படியென்றால்... அந்த நேரத்தில் மாடியில் இருந்தது யார்? பன்னிரண்டரைக்கு டாணென்று சாப்பிட்டு முடித்து, மாடிக் கூடத்தில் காற்று வரும் என்று தினமும் தூங்கப் போகிறவர் யார்?

நான்கு தலைகளும் மெல்லத் திரும்பின.

ஈஸிசேரில் தினசரி விரிந்தே இருந்தது. ஆனால் அரை மணி நேரமாக ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

கோமதிசங்கர் போய் அந்தத் தாளைக் கீழே இறக்கினான். உள்ளே கைலாசநாதனின் முகம், பரீட்சையில் பிட்டோடு பிடிபட்ட பிள்ளையின் முகம்போல் இருந்தது.

"கொல்லணும்னு போடல," என்றார். "கொணமாகட்டும்னுதான் போட்டேன்."

"என்னது?"

"மொதத் தடவ நின்னுச்சுல்லா... மறுநாள் தொட்டுப் பாத்தேன். அடிப்பக்கம் கொதியாக் கொதிச்சுது, காய்ச்சக்காரப் பிள்ள மாதிரி. சூடு எங்கயோ அங்கதான பூசணும்? தண்ணி விட்டுக் கொழச்சுப் பூசினேன். காஞ்சதும் துண்டால தொடச்சுருவேன். யாருக்கும் தெரியாது."

ஷிரின் பானு தலையில் கை வைத்துக்கொண்டாள். லேப்டாப்பில் சூடு அதிகம் தெரியும் இடம், சூடு வெளியேறும் காற்றுத் துளை. அவர் குறி தவறாமல் அங்கேயே பூசியிருக்கிறார். அவர் துடைத்தது போக மீதியை மின்விசிறி உள்ளே இழுத்திருக்கிறது. சூடு கூடியிருக்கிறது. சூடு கூடக்கூட அவர் மருந்தையும் கூட்டியிருக்கிறார்! பதிவின்படி, முதல் தடவை நின்றது வெறும் அப்டேட் கோளாறு. அது அன்றைக்கே தானாகச் சரியாகியிருக்கும்.

"மிச்சம் எட்டும் ஒங்க வைத்தியம் சார்," என்றாள்.

"நீங்களாப்பா?" கோமதிசங்கருக்கு நம்பிக்கை வரவில்லை. "மண்ணுல என்ன இருக்குன்னு அம்மாவ நாப்பது வருஷமா கிண்டலடிச்சது நீங்கதான?"

"எல்லாக் காரணத்தையும் யோசிச்சுப் பாத்துட்டேம்ல. ஒண்ணும் வெளங்கல." கைலாசநாதன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இவ சென்னைக்குப் போயிட்டா நீ பழையபடி ஆயிருவ. ஞாயித்துக்கிழம ரயிலேத்தி விட்டுட்டு வந்து, சோத்தப் பெசஞ்சுக்கிட்டே ஒக்காந்திருப்ப. பெத்தவனால அதப் பாக்க முடியாதுடா."

கோமதிசங்கர் இன்னொரு செருப்பையும் கழற்றி வைக்கப் போகிறவன்போல் வாசலுக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான்.

லட்சுமிப்ரியா அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் எதற்குப் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள்.

"துண்டு தொவைக்கும்போதே கண்டுபிடிச்சுட்டேன்," என்றாள் நெல்லையம்மாள். "வைத்தியம் பாக்குதாருன்னுதான் நெனச்சேன், அது வெசமாகும்னு எனக்கென்ன தெரியும்? இந்த மனுசன் சென்மத்துல மொதத் தடவையா அம்மன்கிட்ட ஒண்ணு கேட்டுருக்காரு. அதப் போயி நான் காட்டிக்குடுக்கவா?"

லட்சுமிப்ரியா சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகை வந்தது. அத்தையின் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஷிரின் பானு மறுபடி அடிமூடியைத் திறந்து, மின்விசிறியையே புதிதாக மாற்றினாள். புறப்படும்போது மூன்று உத்தரவு போட்டாள். மாடியறைக்குப் பூட்டு. சாவி மருமகளிடம். மாமனாரின் மதியத் தூக்கம் இனி கீழேதான்.

வியாழக்கிழமை. மணி மூன்று.

திறந்த கதவு வழியாகத் திரை தெரியும்படி, மாடிப்படியில் மொத்தக் குடும்பமும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. கோமதிசங்கர் அரைநாள் லீவு. ஷிரின் பானு பெட்டியோடு தயார், ஆம்புலன்ஸ் நிற்பதுபோல.

திரையில் மூன்று முகங்கள். வாடிக்கையாளர். சிவராம். லட்சுமிப்ரியா. அவள் இயக்கிக் காட்டினாள். மூன்று ஐந்து. மூன்று பத்து. லேப்டாப் பச்சைத் தண்ணீர்போல் குளிர்ந்திருந்தது.

அடுத்து விலையையும் கால அளவையும் சிவராம் பேச வேண்டும். அவர் தொண்டையைக் கனைத்தார். ஆரம்பித்தார்.

திடீரென்று...

உறைந்தார்!

படியில் நான்கு பேரும் எழுந்துவிட்டார்கள். முடிந்தது. திங்கள்கிழமை சென்னை. மறுபடி விடுதி. மறுபடி ரயில்...

சுட்டியை அசைத்துப் பார்த்தாள்.

அசைந்தது.

வாடிக்கையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சிவராம் மட்டும் கல்லாக இருந்தார். பிறகு அவருடைய கட்டமே திரையிலிருந்து காணாமல்போனது.

நின்றது அவள் லேப்டாப் அல்ல. மேலாளரின் லேப்டாப்!

லட்சுமிப்ரியா ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். சிவராம் பேச வேண்டிய அத்தனையையும் அவளே பேசினாள். முக்கால் மணி நேரம். ஒரு தடங்கலும் இல்லை. வாடிக்கையாளர் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்.

நாலேகாலுக்கு சிவராமிடமிருந்து போன். இரண்டு முறை உறைந்து இரண்டு முறை தானாக எழுந்ததாம் அவருடைய லேப்டாப். குரல் பஞ்சாக இருந்தது. நல்லவேளை நீ அங்கே இருந்தாய், அங்கேயே இரு, சென்னைக்கு வருவதைப் பற்றி இனி நான் பேசவே மாட்டேன் என்றார். கடைசியாகக் கொஞ்சம் தயங்கி, இது எதனால் இப்படி ஆகிறது, உங்கள் வீட்டில் கண்டுபிடித்துவிட்டீர்களா என்று கேட்டார்.

லட்சுமிப்ரியா போனைக் கையால் பொத்திக்கொண்டு மாமனாரைப் பார்த்தாள்.

கோமதிசங்கர் பார்த்தான். நெல்லையம்மாள் பார்த்தாள். ஷிரின் பானு நெற்றி டார்ச்சைப் போட்டு, அவர் முகத்துக்கு நேராக அடித்தாள்.

கைலாசநாதன் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

"என்னைய எதுக்குப் பாக்குதீங்க? நான் இந்த மாசம் சென்னைப் பக்கமே போகல!"