பாத்திமாவின் வேன் ஏன் வலப்பக்கம் போனது?

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. கையில் காபி இருந்தால் அது பாட்டுக்கு ஆறட்டும். ஓர் அபராதச் சீட்டு தோற்றுப்போன கதை சொல்கிறேன். முடியும்வரை ஒருவரும் எழுந்திருக்க மாட்டீர்கள்.

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே மனு எழுதும் கடை வைத்திருப்பவர் சங்கிலியம்மாள். பேச்சு குறைவு, பார்வை கூர்மை. ஆட்டோக்காரர் ஆசாத் அவருக்கு நேர்மாறு. சவாரி இல்லாத நேரமெல்லாம் அந்தக் கடை பெஞ்சில்தான். எந்த வழக்கு வந்தாலும் முடிவை முதலில் சொல்பவர் அவர்தான். இதுவரை ஒன்றுகூடச் சரியாக இருந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூட வேன் ஓட்டும் பாத்திமா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அக்கா, கவனக்குறைவா ஓட்டினேன்னு சலான் போட்டுட்டாக. கட்டினா தப்பு என்னுதுன்னு ஆயிரும். நாளைக்குக் கோர்ட்டுல தப்பில்லைன்னு வரலைன்னா, வேன் சாவியை வச்சுட்டுப் போன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாக!"

"நடந்ததைச் சொல்லு, தாயி."

திங்கட்கிழமை விடியலில் தூறல் விழுந்து விட்டிருந்தது. பிள்ளைகளை ஏற்றக் காலி வேனோடு போனாள் பாத்திமா. கோம்பை ரோட்டின் இடது பாதியில் வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று கொள்ளுச் செடிகளைப் பரப்பி, தார்ப்பாய் மூடி, ஓரமெல்லாம் கல் வைத்திருந்தார்கள். வலப்பக்கம் ஒதுங்கினாள். அங்கே நின்ற, பக்கத்துத் தோட்டக்காரர் காமராஜின் மொபட்டில் வேன் உரசி, அது சாய்ந்தது. வேனை அங்கேயே விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய் அவளே போலீசைக் கூட்டி வந்தாள். அதற்குள் ரோட்டில் கொள்ளும் இல்லை, கல்லும் இல்லை.

"நீ கூட்டியாந்த போலீஸே உனக்குச் சீட்டுக் கிழிச்சிட்டாரா!" என்று தலையில் கை வைத்தார் ஆசாத்.

சலானோடு வந்த படத்தைப் போனில் பெரிதாக்கினார் சங்கிலியம்மாள். சாய்ந்த மொபட். பக்கத்தில் வேன். ரோடு கன்னங்கரேலென்று இருந்தது. இடது பாதி மட்டும் கொஞ்ச தூரத்துக்கு வெளிறிக் கிடந்தது.

"கறுப்பா இருக்கது மர நிழல்தான், அக்கா. இதுல ஒண்ணுமில்ல. வேன் டயருல கொள்ளு ஒட்டியிருக்கும் பாருங்க!" ஆசாத் ஓடினார். வாடிய முகத்தோடு திரும்பினார். "டெய்லி வண்டி கழுவுற பொம்பளை இது, அக்கா. பளபளன்னு வச்சிருக்கு."

"ஏறி மிதிச்சாத்தானே கொள்ளு ஒட்டும், ஆசாத் பாய்? அவதான் ஒதுங்கிட்டாளே," என்றார் சங்கிலியம்மாள், படத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

மறுநாள் வழக்கைக் கூப்பிடும் முன்பே, சலான் போட்ட எஸ்.ஐ. வைகுண்டராஜையும் காமராஜையும் சங்கிலியம்மாள் கடைக்கு அழைத்துவிட்டார். பாத்திமா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"காமராஜு, அன்னைக்கு ரோட்டுல என்ன கிடந்துச்சு?"

"ஒண்ணும் கிடக்கல ஆத்தா. இந்தப் புள்ள போன் பேசிக்கிட்டே வந்து மோதிருச்சு."

"முந்தின ராத்திரி லாரி கீரி நின்னுச்சா?"

"ஒரு சைக்கிள்கூட நிக்கல."

"மழை?"

"விடியக்காலம் தூறுச்சு. அதுக்கென்ன?"

சங்கிலியம்மாள் படத்தை எஸ்.ஐ. முன்னால் வைத்தார்.

"நீங்க எடுத்த படந்தான் சார். நிழல்னா ஓரம் இலையும் கிளையுமா நெளிஞ்சிருக்கணும். இங்கன பாருங்க, ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நாலு மூலை. கறுப்பெல்லாம் ஈரம். வெளுத்தது மட்டும் நனையல. ரோட்டுல பாதி பாத்தா மழை பேயும்? லாரி எதுவும் நிக்கலன்னு காமராஜே சொல்லியாச்சு. அப்ப தூறுறப்ப அந்த இடத்துல தார்ப்பாய்தான் கிடந்திருக்கு. கொள்ளுச் செடியை அள்ளியாச்சு, பாயைச் சுருட்டியாச்சு, கல்லையும் தூக்கியாச்சு. காஞ்ச ரோட்டை எங்கன கொண்டுபோய் ஒளிக்க?"

ஆசாத் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். "அப்ப அது நிழல் இல்லையா!"

"உக்காரு பாய்."

காமராஜுக்கு வேர்த்துவிட்டது. "வண்டி ஏறினாத்தானே கொள்ளு உதிரும்? ஊரே அங்கனதான் போடுது. நான் மட்டுமா..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஊரே போடுது, சரி. பழியை மட்டும் இவ தலையில போடுவியாக்கும்?"

எஸ்.ஐ. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்தது நான். ஆனா நான் பாக்கவே இல்லையேம்மா," என்றவர், நேரே உள்ளே போய் அதையே நீதிபதியிடமும் சொன்னார். பகல் சாப்பாட்டுக்கு முன் வழக்குத் தள்ளுபடி!

அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும், "பாத்திமாக்கா வந்துட்டாக!" என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் வேனில் முண்டியடித்து ஏறினார்கள். பாத்திமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகினாள்.

என் செல்லங்களா, உங்கள் வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் எல்லாரும் விளக்கு வைக்குமுன் நல்லபடியாக வீடு வந்து சேரட்டும். உங்கள் அடுப்பில் பால் பொங்கட்டும். வீண்பழி ஒன்றும் உங்கள் வாசல் ஏறாமல், மனம் குளிர இருங்கள்.