நா அடங்கிய நடுவரின் "அன்று"

வாருங்கள், வாசகர்களே! வெள்ளாற்றின் மீது முழுநிலா எழுந்து அலைதோறும் வெள்ளியை வாரி இறைக்கும் இந்த அந்திப்பொழுதின் எழிலில் மயங்கி நின்றுவிடாதீர்கள். ஆரைக்கோட்டையின் அடைத்த கதவுகளுக்குள்ளே, மன்றத்து முற்றத்திலே, ஓர் அநீதி அரங்கேறுகிறது. அதற்கு நீங்கள் சாட்சியாக வேண்டும்!

சமாதானம் பேச வந்த தூதர் இக்கோட்டைக்குள் குத்திக் கொல்லப்பட்டார். அவருக்குக் காவலாக வந்த குதிரைவீரன் இளங்காரி மீது பழி விழுந்தது. "இது இவன் செய்த கொலையா?" என்று வினவினால் நடுவர் எழுவரும் "ஆம்" என்றோ "அன்று" என்றோ ஒற்றைச் சொல்லால் விடையிறுப்பது அவ்வூர் மரபு. மூவர் "ஆம்" என்றனர். மூவர் "அன்று" என்றனர். ஏழாமவரான முதியவர் மருதங்கிழார் எழுந்து, "அன்று..." என்றார். அந்தோ! வாதம் தாக்கி, நா அடங்கிச் சாய்ந்தார்.

அல்ல என்று தீர்ப்பளித்தாரா? அன்றைய தினம் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாரா? ஊர் இரண்டாகப் பிளந்தது. தீர்ப்பு முடியும்வரை கோட்டைக் கதவு திறவாது என்பதும் மரபே! நேற்று இளங்காரிக்காகக் கண்ணீர் வடித்த மக்கள், பாலும் விறகும் உள்ளே வராமற்போகவே, பொறியில் அகப்பட்ட எலிகளாய் ஒருவரையொருவர் கடிக்கலாயினர்.

"தீர்ப்புத்தான் சொல்லிவிட்டாரே, ஓய்! அன்று என்றால் இல்லை!"

"போமய்யா! அன்று என்றால் இல்லை, இன்று என்றால் பாலும் இல்லை!"

"மாப்பிள்ளை வெளியே, பெண் உள்ளே!" என்று அலறினார் மணப்பெண்ணின் தந்தை ஒருவர். "அந்த இளங்காரியின் தலையைச் சீவித் தொலைத்தாலாவது என் மகள் கழுத்தில் தாலி ஏறும்!"

அப்போது மருதங்கிழாரின் மகளும் இளங்காரியின் உயிர்க்காதலியுமான உமையாழ்வி, தந்தையைக் கட்டிலோடு சுமந்துவரச் செய்து முற்றத்தின் நடுவே நின்றாள்.

"கோட்டைத் தளபதி விக்கியரையரே! 'அன்று மாலை தூதரின் அறையிலிருந்து குருதிக் கையோடு வெளிப்பட்டவனைக் கண்டேன். அவன் பெயரை மன்றத்திலேயே உரைப்பேன்' என்று என் தந்தையார், நா அடங்குமுன், மன்றம் கூடிய நாள் காலையில் கூறினார். அப்பா, அவன் இங்கிருந்தால் காட்டுங்கள்!"

கட்டிலில் கிடந்த முதியவரின் விரல் எழுந்தது. விலங்கிட்ட இளங்காரியைக் கடந்தது. போரால் பெருவாழ்வு பெற ஏங்கிய விக்கியரையரின் மார்புக்கு நேரே நிலைத்தது!

தளபதி நகைத்தார். "பெண்ணின் சொல் மன்றம் ஏறாது, அம்மணி. ஊமை விரலும் ஏறாது. கதவு என் கையில், பசி இவர்கள் வயிற்றில். சற்றுப் பொறும், ஊரே 'ஆம்' என்று கூவும்!"

"உமை, போய்விடு" என்றான் இளங்காரி. "நான் ஒருவன்தான் சிறையில் இருப்பதாக எண்ணியிருந்தேன். ஊரே அல்லவா இருக்கிறது!"

அவள் போகவில்லை. அடைத்த கதவில் முதுகைச் சாய்த்து, "இவன் தலை உருளுமிடத்தில் என் தலையும் உருளும், இது ஆணை! ஊராரே, உங்களை வினவுகிறேன். இது இவன் செய்த கொலையா?" என்றாள்.

மணப்பெண்ணின் தந்தை வாய் திறந்தார். தளபதியின் வாளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

வாசகர்களே, அவர் வாய் மறுபடி திறக்கட்டும் என்றா காத்திருக்கிறீர்கள்? வினா உங்களுக்கும்தான்! பெண்ணின் சொல்லுக்குக் கதவடைத்த மன்றம் உங்கள் ஊரிலும் இருந்தால் அதன் முன்னே போய் நில்லுங்கள். பசித்தாலும் அஞ்சினாலும், கதவு அதிர அந்த ஒற்றைச் சொல்லைக் கூவுங்கள்: அன்று!