நரிரோம அங்கிக்குள் யார்?

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கணப்புப் பக்கம் இடம் இருக்கிறது. கதவோரம் நிற்கிற பிள்ளையும் வந்து உட்காரட்டும். இன்று ஒரு வெட்கக் கதை சொல்லப்போகிறேன். யாருடைய வெட்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சுவை போய்விடும். கேளுங்கள்.

தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் நாடகக் கொட்டகை, கரடிச் சண்டைக் களம், தேவாலயம் மூன்றும் ஒரே சேற்றில் கால் வைத்து நிற்கிற எங்கள் பேட்டைக்கு அந்த வருடம் ஆம்ப்ரோஸ் ஃபென் காவலராக இருந்தார். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். எதிரே இருப்பவர் பேசி முடித்த பிறகும் சற்று நேரம் காத்திருப்பார். அந்த மௌனம் தாங்காமல் பாதிப் பேர் உண்மையைக் கொட்டிவிடுவார்கள். அவர் மனைவி தாம்சினுக்கு மௌனம் என்றால் மூச்சு முட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவர்கள் ரொட்டியும் உப்பு மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நாடகக்காரன் கில்பர்ட் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"காவலரே, ஞாயித்துக்கிழமை என்னையும் ஏவிஸையும் வெள்ளைத் துணி போர்த்தி நிக்க வைக்கப் போறாங்க. நாங்க ஒண்ணும் பண்ணலைய்யா!"

எங்கள் பக்கத்தில் முறைகேடான உறவு என்று ஆலய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னால் அதுதான் தண்டனை. வெறுங்காலோடு, தலை முதல் கால் வரை வெள்ளைத் துணி போர்த்தி, கையில் வெள்ளைக் கோல் பிடித்து, பூசை நேரம் முழுக்கச் சபை முன்னால் நிற்க வேண்டும். பாவத்தைத் தன் வாயாலேயே சொல்லவும் வேண்டும். துணியைக் கழற்றலாம், பெயரைக் கழற்ற முடியாது.

"நீ நடிகன். இதையும் நடிச்சுட்டுப் போ" என்றாள் தாம்சின்.

கில்பர்ட் அவளைப் பார்த்தான். "ஆயிரம் பேர் முன்னால நிக்கறது எனக்குப் பழக்கம்மா. அவளுக்கு இல்ல. அவ ஊசி நூலோட மூலையில உக்கார்றவ. நேத்துலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல."

தாம்சின் மீனைக் கிள்ளுவதை நிறுத்தினாள். ஏவிஸ் இளம் விதவை. கொட்டகையில் உடை தைப்பவள். பேச்சு கிளம்பிய அன்றே, அவளிடம் தைக்கக் கொடுத்திருந்த தன் பாவாடையைத் திரும்ப வாங்கி வந்திருந்தாள் தாம்சின். அழைப்பாணையை ஏவிஸின் கையில் கொடுத்தவரோ ஃபென். 'பாவம்' என்று மனதில் நினைத்தார். 'பொய்யாக இருக்குமோ' என்று நினைக்கவில்லை.

"யார் பார்த்தது?" என்று கேட்டார்.

"ரெண்டு சாட்சி. கொட்டகையில கொறிக்க ஹேசல் கொட்டை விக்கிற மாட்லின் ஒருத்தி. இன்னொருத்தர் மூப்பர் கிரேக்."

ஒபதையா கிரேக் எங்கள் தேவாலயத்தின் மூப்பர். யார் பூசைக்கு வரவில்லை, யார் வீட்டுக்கு யார் போனார் என்றெல்லாம் கண்டறிந்து ஆலய நீதிமன்றத்துக்குச் சொல்வது அவர் கடமை. தர்ம விடுதியில் எந்தக் கிழவிக்குப் படுக்கை என்பதும் அவர் கையில். நாடகக் கொட்டகையைப் பிசாசின் தொழுவம் என்பார். அதன் வாசலைக்கூட மிதித்ததில்லை என்பார்.

"ஒரு வேடிக்கை தெரியுமா?" கில்பர்ட் கசப்பாகச் சிரித்தான். "நான் நீதிபதி வேஷத்துக்குப் போடுற அங்கி அவரோட பழசு. நரிரோமக் கழுத்து வச்சது. போன குளிர்காலம் வேலைக்காரனுக்குக் குடுத்தாரு. ரோமம் பெரிய மனுஷங்க மட்டும்தான் போடணும்னு சட்டம், வேலைக்காரன் போட்டா விடுமா? எங்ககிட்ட வித்துட்டான். அவரு அதே தையல்காரன்கிட்ட அதே மாதிரி புதுசு தச்சுக்கிட்டாரு."

அந்த நாடகம் அப்போது ஊரெல்லாம் பேச்சு. சந்தையில் முத்தமிட்டவர்களை எல்லாம் தெருவில் காலைப் பூட்டி வைக்கும் தொழுமரத்தில் மாட்டும் கண்டிப்பான நீதிபதி, கடைசியில் ரொட்டிக்காரன் மனைவியின் மாவுத் தொட்டிக்குள் ஒளிந்து, வெள்ளை வெளேரென்று பிடிபடுவார். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

ஃபென் முதலில் ஏவிஸைப் பார்க்கப் போனார். தாம்சினும் கூடவே போனாள். தர்ம விடுதியில், படுத்த படுக்கையான தாய்க்குக் கரண்டியில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள் ஏவிஸ். மணிக்கட்டில் நீலம் பாரித்த தடம்.

"கில்பர்ட்டா பிடிச்சது?"

"இல்ல."

"அப்ப யாரு?"

ஏவிஸ் அடுத்த கரண்டிக் கஞ்சியை எடுத்தாள். ஃபென் காத்திருந்தார். அவருடைய மௌனம் அன்று தோற்றது. வெகு நேரம் கழித்து அவளே ஒரு கேள்வி கேட்டாள்: "நான் நின்னுட்டா, அம்மா படுக்கையை விட்டு வைப்பாங்கல்ல?"

வெளியே வந்ததும் தாம்சின் பொரிந்தாள். "இவ்வளவு அழுத்தமா இருந்தா எப்படிங்க காப்பாத்துறது?"

"பதில் சொல்லிட்டாளே" என்றார் ஃபென்.

கிரேக் தேவாலயத்தில் மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார். ஜெபத்தைக் கலைக்கக் கூடாதென்று ஃபென் பின்னால் நின்றார். மண்டியிட்டவரின் காலணி அடிகள் இவரைப் பார்த்தபடி இருந்தன. இடுக்குகளில் சாம்பல் நிறக் களிமண் காய்ந்திருந்தது. அதில் பழுப்பு நிறச் சில்லுகள் பதிந்திருந்தன. ஜெபம் நீண்டதால் ஃபென்னுக்கு நன்றாகப் பார்க்க நேரம் கிடைத்தது.

"சந்துல நடந்து போனேன், ஃபென்" என்றார் கிரேக், எழுந்து அங்கியின் ரோமத்தைத் தடவியபடி. "கொட்டகையோட சின்ன ஜன்னல் வழியா தற்செயலா பார்த்தேன். நீதிபதி வேஷக்காரன் அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னான். கண்ணைக் கழுவணும் போல இருந்துச்சு."

"உள்ள போகலையா ஐயா?"

"அந்த நரகத்துக்குள்ளயா? என் செருப்புகூடப் போகாது!"

கொட்டை விற்கும் மாட்லினைக் கொட்டகை வாசலில் பிடித்தார்கள். கூடையும் வாயும் எப்போதும் திறந்தே இருக்கும் கிழவி அவள்.

"அந்த நரிரோம அங்கிதான். எனக்கு முன்னால முற்றத்து வழியா போச்சு. வேஷக்காரர்னு ஜனம் வழி விட்டுச்சு. நான் கூடை நிரப்ப வேஷம் மாத்துற அணியறைப் பக்கம் போனா, அவ மணிக்கட்டை முறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. முதுகுதான் தெரிஞ்சுச்சு. அவ மூஞ்சி மாவு மாதிரி இருந்துச்சு."

"கட்டிப் பிடிச்சிருந்தானா?"

"மணிக்கட்டுன்னுதான்யா நான் சொன்னேன்! ஊருதான் அதைக் கட்டிப்பிடின்னு ஆக்கிடுச்சு." கிழவி குரலைத் தாழ்த்தினாள். "நானும் மறுத்துச் சொல்லல. கேக்க எல்லாரும் கூடுனாங்க, கொட்டையும் நல்லா வித்துது."

"அந்த நேரம் வெளியில என்ன சத்தம் கேட்டது?"

"ஒரே சிரிப்பு. யாரோ வாத்து மாதிரி கத்தினாங்க."

"ஐயோ, அது கோமாளி ராக்!" என்று துள்ளினாள் தாம்சின். "வாத்துத் திருட்டு வழக்கு! நீதிபதி கழட்டிப் போட்டுட்டுப் போன அங்கியை எடுத்து மாட்டிக்கிட்டு, அவன் பெஞ்சு மேல உக்காந்து வாத்து மாதிரி கத்திக் கத்தித் தீர்ப்புச் சொன்னான் பாருங்க..."

அவள் பாதியில் நிறுத்தினாள். ஃபென் அவளைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போனதா சொன்ன."

"தங்கச்சியும்தான் வந்திருந்தா" என்றாள் தாம்சின், காது மடல் சிவக்க.

கோமாளி ராக்கும் அதையே சொன்னான்; அன்றுதான் முதல் தடவையாக, யாரிடமும் கேட்காமல் அந்தக் கூத்தைச் சேர்த்தானாம். ஃபென் அணியறைக்குள் போனார். அங்கே போக முற்றத்தைக் கடக்கும் ஒரே வழிதான். சந்துப் பக்கச் சின்ன ஜன்னலைத் தேடினார். அதன் மேல், பழைய பக்தி நாடகங்களில் பயன்பட்ட நரகவாய் என்ற பெரிய பலகை முகம், பல்லும் நாக்குமாக, ஆணி அடித்துச் சாத்தப்பட்டிருந்தது. ஆணிகள் துருவேறியிருந்தன.

சனிக்கிழமை பிற்பகல், தேவாலயத்தின் பக்க அறையில் எல்லோரையும் கூட்டினார் ஃபென். பாதிரியார் லட்லோ நடுவில். கிரேக் அவர் வலப்பக்கம். கில்பர்ட், மாட்லின், தாம்சின் சுவரோரம். ஏவிஸ் கதவருகில், தரையைப் பார்த்தபடி.

"ஐயா, ஆரம்பிக்கும் முன்னால ஒரு வாக்கு வேணும்" என்றார் ஃபென் பாதிரியாரிடம். "ஏவிஸோட அம்மா சாகுற வரைக்கும் அந்தப் படுக்கை அவங்களுடையது. இதை நீங்க சொல்லணும். மூப்பர் இல்ல."

"இதுக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"சொல்லிடுங்க ஐயா. சம்பந்தம் தானா வரும்."

பாதிரியார் வாக்குக் கொடுத்தார். ஏவிஸ் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தாள்.

"நம்ம பேட்டையில அந்த மாதிரி அங்கி ரெண்டே ரெண்டு" என்று தொடங்கினார் ஃபென். "ஒரே தையல்காரன் தச்சது. ஒண்ணு கொட்டகையில, இன்னொண்ணு மூப்பர் தோளில. வாத்துச் சத்தம் கேட்டப்ப மாட்லின் ஒரு அங்கியைப் பார்த்தா. அதே நேரம் கொட்டகை அங்கி கோமாளி மேல, மேடை மேல, ஊரே பார்க்க இருந்துச்சு. கில்பர்ட் எங்க இருந்தா என்ன? அவன்கிட்ட போட்டுக்க அங்கி இல்ல."

"ராத்திரி பகல் தெரியாத குடிகாரக் கிழவி இவ!" கிரேக் எழுந்தார். "நான் என் கண்ணால, ஜன்னல் வழியா..."

"அந்த ஜன்னலை உள்பக்கம் நரகவாய் அடைச்சிருக்கு ஐயா. ஆணி துருப்பிடிச்சு வருஷக்கணக்காச்சு. அது வழியா தெரியுறது நரகத்தோட முதுகு மட்டும்தான்."

கில்பர்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. அறையில் யாரும் சிரிக்காததால் அடக்கிக்கொண்டான்.

"சந்துச் சேறு கறுப்பு, சாக்கடைச் சேறு" என்றார் ஃபென். "கொட்டகை முற்றத்துல மட்டும்தான் சாம்பலையும் ஹேசல் கொட்டை ஓட்டையும் சேர்த்து மிதிச்சுத் தளம் போட்டிருக்கு. மூப்பரே, நேத்து நீங்க மண்டி போட்டு ஜெபிச்சப்ப நான் பின்னால நின்னேன். கொஞ்சம் காலைத் தூக்கிக் காட்டுறீங்களா?"

கிரேக் காலைத் தூக்கவில்லை. இரண்டு பாதங்களையும் தரையோடு அழுத்தி வைத்துக்கொண்டார். அதைவிடப் பெரிய ஒப்புதல் வேண்டியிருக்கவில்லை.

"அந்த அங்கியோட நீங்க தைரியமா முற்றத்துல நடந்தீங்க. கொட்டகைக்குள்ள நரிரோமம் போட்டவனை வேஷக்காரன்னுதான் நினைப்பாங்கன்னு தெரியும். மாட்லின் பேச்சு கிளம்பினதும், அது உங்க பக்கம் திரும்பறதுக்குள்ள ரெண்டாவது சாட்சியா நீங்களே முந்திக்கிட்டீங்க. ஏவிஸ் வாயைத் திறந்தா அம்மாவுக்குப் படுக்கை இல்லைன்னு சொல்லியிருந்தீங்க."

எல்லோரும் ஏவிஸைப் பார்த்தார்கள்.

"அம்மா படுக்கை வேணும்னா தன் சொல்படி நடக்கணும்னாரு" என்றாள் அவள். "ரெண்டு மாசமா சொன்னாரு. மாட்டேன்னேன். அன்னிக்குக் கையைப் பிடிச்சாரு. கத்திரிக்கோலை எடுத்தேன். போயிட்டாரு." அவ்வளவுதான் சொன்னாள்.

கிரேக் நாற்காலியிலிருந்து சரிந்து மண்டியிட்டார். "ஐயா, எனக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கு..."

பாதிரியார் தொண்டையைச் செருமினார். "சபையோட பேரையும் பாக்கணும், ஃபென். தப்பான தகவல்னு சொல்லி வழக்கை முடிச்சுடலாமே?"

"அப்ப அந்தத் துணியை யார் போர்த்திக்கிறது?" என்று வெடித்தாள் தாம்சின். "நாளைக்கு இந்த ஆளு நிக்கட்டும்! நான் முதல் வரிசையில உக்காந்து பாக்குறேன்!"

"நிக்க வேண்டாம்மா" என்றாள் ஏவிஸ்.

தாம்சின் அவள் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சுட்டியா?" என்றார் பாதிரியார், பெரிய பாரம் இறங்கியவர் போல.

"அது எனக்கும் கடவுளுக்கும் உள்ளது. இன்னும் முடியல." அவள் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "மூப்பர் வேலை இவருக்கு வேண்டாம். விடுதிச் சாவியை வாங்கிடுங்க. கில்பர்ட்டும் நானும் குத்தம் பண்ணலைன்னு நாளைக்கு நீங்களே பிரசங்க மேடையிலேர்ந்து சொல்லுங்க. ஆனா இவரு துணி போர்த்தி நிக்க வேண்டாம். இவர் ஒருத்தர் நின்னா, மீதி எல்லாரும் நிம்மதியா உக்காந்துக்குவீங்க."

தாம்சினின் முகம், அறை வாங்கியது போல ஆயிற்று. மாட்லின் கூடைக்குள் எதையோ தேடினாள். மேடையில் அந்த நீதிபதி மாவோடு எழுந்தபோது சிரித்தவர்கள் எல்லாம், தெருவில் கிரேக்கைக் கண்டதும் தொப்பியைக் கழற்றியவர்கள்தான். ஃபென் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அழைப்பாணையை நீட்டிய தன் கை ஞாபகம் வந்தது. சொல்லாமல் விட்டுவிட்டார்.

மறுநாள் பாதிரியார் பிரசங்க மேடையில் ஏறி, நடந்ததைப் பெயரோடு சொன்னார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. கிரேக் கடைசி வரிசையில், சாதாரணக் கம்பளிச் சட்டையில், மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். மகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பாதிரியார் முடித்து, சபையை உட்காரச் சொன்னார்.

ஃபென் உட்காரவில்லை. தாம்சின் அவர் சட்டையைப் பிடித்து இழுக்கப் போனவள், தானும் நின்றுவிட்டாள். பிறகு மாட்லின். பிறகு ஏவிஸின் பக்கத்து வீட்டுக்காரர்கள், அவளுக்கு ரொட்டி தர மறுத்த கடைக்காரன். எல்லோரும் நின்றார்கள் என்று சொன்னால் அது பொய். சிலர் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றவர்களும் யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை.

ஏவிஸ் அதைப் பார்க்க அங்கே இல்லை. மூப்பர் பதவி காலியானதால், பூசைக்கு வராதவர் பெயரை இப்போது காவலர்தான் சொல்லியாக வேண்டும், அபராதம் உண்டு. ஃபென் பூசை முடிந்ததும் தர்ம விடுதிப் பக்கம் நடந்தார். திறந்த கதவு வழியாக, ஏவிஸ் தாயின் நரைத்த தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. உள்ளே போய் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். கிழவி கண்மூடிச் சுகமாக இருந்தாள். மகள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அதைக் கலைத்துத் தன் மனதை ஆற்றிக்கொள்ள அவருக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வெளியே, மழைத் தூறலில், நெடுநேரம் நின்றார். பிறகு வீட்டுக்குப் போனார். அந்த வாரம் பூசைக்கு வராதவர் யாரும் இல்லை என்றே சொன்னார்.

அவ்வளவுதான், கண்ணுகளா. போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் யாரும் தாங்கள் செய்யாத குற்றத்துக்குத் தலை குனியாமல் இருக்கட்டும். செய்த குற்றத்தைச் சொல்லி அழ அங்கே ஒரு மடி இருக்கட்டும். உங்கள் அடுப்பில் நெருப்பும், உங்கள் முதியவர்களுக்குப் படுக்கையும், உங்கள் பெண்களின் சொல்லுக்கு மதிப்பும் என்றும் குறையாதிருக்கட்டும்.