டேப்பின் மறுமுனை

பகல் இரண்டு மணிக்கு அந்தப் பழைய வீட்டு வாசலில் போய் இறங்கினேன். பையில் முடியாத வரைபடம், புது லேசர் கருவி, பழைய டேப். வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்து, எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

“தனியாவா வந்தீங்கம்மா?”

“ஒரே ஒரு அளவுதாண்ணே. அஞ்சு நிமிஷம்.”

“போன தடவையும் இதேதான்…” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். சாவியைக் கொடுத்தார்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு வாரமாக இப்படித்தான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, கிள்ளினாலும் வேறு யாரையோ கிள்ளுவது போல இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த அவன் சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். நான் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது எங்கள் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டேப்பின் சைபர் நுனியைச் சுவரில் அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் இந்தக் கோடியில் அளவைப் படிக்க வேண்டும். ஆறு வருஷமாக நுனியைப் பிடித்தவன் அவன், படித்தவள் நான். அதனால் ஆபீஸில் அவன் சைபர், நான் மீட்டர். பெற்றவர்கள் வைத்த பெயர்கள் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தன.

எங்களுக்குள் ஒரு முறை உண்டு. நுனி சரியாக உட்கார்ந்ததும் அவன் டேப்பை ஒரு தடவை சுண்டுவான். பிடிச்சாச்சு என்று அர்த்தம். நான் படித்து, எழுதி, “விடு” என்று சொல்லும்வரை அசைய மாட்டான். ஒரு தடவை கழுத்தில் குளவி வந்து உட்கார்ந்தபோதுகூட, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு அப்படியே நின்றான். நான் சிரித்துச் சிரித்துப் படித்ததில் அந்த அளவே தப்பாகிவிட்டது. இவனை நான் வெறும் நண்பனாக நினைக்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தெரிந்து என்ன செய்ய? அவனுக்கு ஒரு டீச்சர் இருந்தாள். எனக்கு ஒரு மருந்துக்கடைக்காரர். அவருக்கு ‘மாத்திரை’ என்று பெயர் வைத்ததே சைபர்தான். இருவரும் குறை சொல்ல முடியாத மனிதர்கள், அதுதான் தொல்லை. நாலு பேரும் சேர்ந்து படத்துக்குப் போவோம். ஒரு ஓரத்தில் டீச்சர், அடுத்து சைபர், அடுத்து நான், மறு ஓரத்தில் மாத்திரை. சைபருக்கும் எனக்கும் நடுவில் ஒரே கைப்பிடி. படம் முடிகிறவரை இரண்டு பேருமே அதில் கை வைக்க மாட்டோம்.

ஆறு வாரத்துக்கு முன்னால், இதே வீட்டின் மாடி நடையில், கடைசி அளவு. அவன் அந்தக் கோடியில் சுவரில் முதுகைச் சாய்த்து, டேப் நுனியை நெஞ்சு உயரத்தில் பக்கவாட்டில் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை சுண்டினான். அங்கிருந்தபடியே சொன்னான்.

“டீச்சர்கிட்ட இனிமே வேண்டாம்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டா. உன் பேரைச் சொன்னேன்.”

தெளிவாகக் கேட்டது. கேட்காதவள் மாதிரி டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து மாத்திரையிடமிருந்து போன். டேப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனேன். படத்துக்கு டிக்கெட் எடுக்கவா என்று கேட்டார். அரை நிமிஷத்தில் முடிகிற பேச்சு. மேலே போனால் பதில் சொல்ல வேண்டுமே என்று, கடையில் கூட்டமா, மழை வருமா என்று நாலு நிமிஷம் வளவளத்தேன்.

அப்போதுதான் மேலே உத்தரம் விழுந்தது.

“மரம் முறியறதுக்கு முன்னாடி நல்லா சத்தம் குடுத்திருக்கும். ஓட நேரம் இருந்திருக்கும். ஏன் நகரலைன்னே புரியலைம்மா,” என்று எங்கள் ஆபீஸ் இன்ஜினியர் பிறகு பல தடவை சொன்னார். எனக்குப் புரிந்தது. நான் ‘விடு’ என்று சொல்லாமல் போயிருந்தேன். உத்தரத்தைத் தூக்கியபோதும் அவன் கட்டைவிரல் டேப் நுனியின் மேலேயே இருந்தது.

இனி மறுமுனையில் ஆளே நிற்க வேண்டாம் என்று இன்ஜினியர் லேசர் கருவி வாங்கினார். விட்டுப்போன அளவுக்கு வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னார். நானே போகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மாத்திரை வீட்டிலிருந்து கல்யாணத் தேதி குறிக்க வருகிறார்கள். அதற்குள் அந்த ஒரு வார்த்தையை, சொல்லாமல் வந்த இடத்திலேயே போய்ச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் இந்த மரமரப்பு போய்விடும், நானும் மனுஷியாகிவிடுவேன் என்று நம்பினேன்.

மாடி நடை நீளமாகக் கிடந்தது. உத்தரம் விழுந்த ஓட்டை வழியாக அந்தக் கோடிச் சுவரில் வெயில் அடித்தது. ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூட இல்லாத வெளிச்சம். நனைந்து காய்ந்த சுண்ணாம்பின் வாசனை.

கருவியை இந்தச் சுவரில் வைத்து அழுத்தினேன். 11.14 என்று காட்டியது.

நேராகக் கீழே இருக்கும் கூடம் 11.40. அதே சுவர்கள்தான் மேலேயும் வருகின்றன. இருபத்தாறு சென்டிமீட்டர் எங்கே போகும்?

மறுபடி அழுத்தினேன். 11.13.

மறுபடி. 11.14.

விடாமல் அளக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். பதிமூன்று. பதினாலு. பதிமூன்று. பதினாலு. நிதானமாக, ஒரே சீராக, மூச்சு வாங்கி விடும் நெஞ்சைப் போல.

லேசரின் சிவப்புப் புள்ளியைத் தேடினேன். அது சுவரில் இல்லை. சுவருக்கு ஒரு சாண் முன்னால், வெறும் காற்றில் நின்றது.

கருவியைப் பைக்குள் போட்டேன். டேப்பை எடுத்தேன். அந்தக் கோடிவரை நடந்துபோக எனக்குத் தைரியம் இல்லை. நுனியை வீசினேன். பாதித் தூரத்தில் விழுந்தது.

கொஞ்ச நேரம் கிடந்தது.

பிறகு எழுந்தது.

நெஞ்சு உயரத்துக்கு எழுந்து, மெதுவாக அந்தச் சுவரை நோக்கிப் போனது. என் கையிலிருந்த டேப் பெட்டியின் கைப்பிடி தானாகச் சுழன்றது. டேப் இழுபட்டு விறைப்பாக நின்றது.

ஒரு தடவை சுண்டியது.

“பதினொண்ணு நாப்பது,” என்று வாய் பழக்கத்தில் படித்தது. கை எழுதியது. அடுத்து அந்த வார்த்தை. வாயைத் திறந்தேன். வேறு என்னவோ வந்தது.

“அன்னைக்குக் கேட்டுச்சுடா. எனக்கும் நீதான். ரொம்ப நாளா.”

டேப் தளர்ந்தது. ஆனால் நுனி கீழே விழவில்லை. வழக்கம்போல் கைப்பிடியைச் சுற்றி இறுக்கினேன். பத்து அறுபது. மறுபடி தளர்ந்தது. சுற்றினேன். ஒன்பது இருபது.

அவன் வந்துகொண்டிருந்தான்.

ஆறு நாற்பது. காலடிச் சத்தம் இல்லை. தரையில் கிடந்த சுண்ணாம்புத் தூசி மட்டும் அடிமேல் அடியாக அமுங்கியது.

மூன்று.

பையில் போன் அடித்தது. யார் என்று பார்க்கவே வேண்டாம். அடித்து அடித்து ஓய்ந்தது.

ஒன்று இருபது. அவன் எப்போதும் காதில் செருகியிருக்கும் பென்சிலின் வாசனை, புதிதாகச் சீவியது. ‘விடு’ என்றால் போதும், எல்லாம் முடிந்துவிடும். என் கன்னத்தில் ஈரம் ஓடியது. ஆறு வாரத்தில் முதல் தடவையாக, அது என் கன்னம் என்று தெரிந்தது.

நான் சொல்லவில்லை.

“என்னம்மா, ஆச்சா?” என்று வாட்ச்மேன் கீழேயிருந்து கத்தினார். நுனி என் காலடியில் விழுந்தது. வாரிச் சுருட்டிக்கொண்டு படி இறங்கினேன். இரண்டாவது தடவையும் சொல்லாமல்தான் இறங்கினேன்.

வெளியே வந்ததும் கன்னம் மறுபடி மரத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், தேதி குறித்தார்கள், தலையாட்டினேன். போன வாரம் மாத்திரை புது வீட்டுக்குக் கூட்டிப்போனார். படுக்கையறையில் சுவருக்குச் சுவர் அலமாரி செய்ய வேண்டுமாம்.

“நீயே அளந்துடு. இருக்கவே இருக்கு உன் கருவி,” என்றார் சிரித்துக்கொண்டே.

அளந்தேன். 3.34.

“பிளான்ல மூணு அறுபதுன்னு இருக்கே? கருவி கெட்டுப்போச்சா?” என்று எட்டிப் பார்த்தார்.

பொத்தானை அழுத்திப் பிடித்தேன். முப்பத்து மூன்று. முப்பத்து நாலு. முப்பத்து மூன்று.

“இல்லைங்க. சரியாத்தான் காட்டுது.”

ஆசாரியிடம் மூன்று முப்பத்து நாலு என்றே எழுதிக் கொடுத்தேன். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் முதுகைச் சாய்த்து நிற்க இடம் இருக்கும். அந்த வார்த்தையை நான் இன்னும் சொல்லவில்லை.